டர்போ ஏற்றிய மியாட்டா: ரேஸ் ஓடுதளத்திலும் சாலையிலும் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5க்கான வழிமுறை இது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா என்று விற்றதும் இதே கார்தான். 1.6 லிட்டர் பி6 எஞ்சின், பிறகு வந்த 1.8 லிட்டர் பிபி எஞ்சின் இரண்டுக்கும் பொருந்தும். பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்க, வெளியே டர்போ, இன்டர்கூலர், பெரிய இஞ்ஜெக்டர், தனி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருத்திய வண்டி என்று வைத்துக்கொள்கிறோம்.

இப்படிப்பட்ட வண்டியில் பூஸ்டை, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, 0.5–0.6 பாருக்குள் வைத்திருப்பதே நல்லது. இந்த ராடுகளை வளைப்பது குதிரைத்திறன் அல்ல, குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென எழும் டார்க். சக்கரத்தில் 270 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் ராடு எப்போது வளையும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

டர்போ போட்ட பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள் இல்லை. ஹோஸ், கிளாம்ப், ஸ்டட், பிளக், ரேடியேட்டர் மூடி என்று கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. வரிசையைத் தாண்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

தொடங்கும் முன் வண்டியில் இருக்க வேண்டியவை

வைடுபேண்ட் மீட்டர் (காற்று–பெட்ரோல் விகிதம் காட்டுவது), பூஸ்ட் மீட்டர், கூலண்ட் வெப்ப அளவி, உண்மையான ஆயில் பிரஷர் மீட்டர். கடைசியில் சொன்னது முக்கியம். 1995 முதல் வந்த வண்டிகளில் டாஷ்போர்டில் உள்ள ஆயில் முள் வெறும் சுவிட்சின் பேச்சைத்தான் கேட்கும். அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும். வெப்ப முள்ளும் அப்படித்தான்: அது அசையும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும்.

ஆயில் சென்சாரை மாட்டும்போது ஒரு கவனம். பிளாக்கில் இருப்பது 1/8 பிஎஸ்பிடி மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் சுலபமாகக் கிடைப்பது என்பிடி, 27 சுற்று. இரண்டு சுற்று சரியாக ஏறும், பிறகு இறுகும். அதைப் பொருந்திவிட்டது என்று நினைத்துத் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். சென்சாரையும் டர்போவுக்கான ஆயில் பைப்பையும் ஒரே பித்தளை ‘டி’யில் தொங்கவிட்டு நேரே பிளாக்கில் திருகவும் கூடாது. அதிர்வில் கழுத்து முறிந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் முழுவதும் வெளியேறிவிடும். பின்னல் ஹோஸ் ஒன்றைப் போட்டு, சென்சாரை பாடியில் கிளாம்ப் பண்ணுங்கள்.

அறிகுறி 1: எஞ்சின் சூடாகிறது

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை.

*டிராஃபிக்கில் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது.* ஃபேன் ஓடவில்லை. பானெட்டுக்குள் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டிஎஃப்ஏ, ஜிஎன்டி பின்களை ஒரு ஒயரால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நன்றாக உள்ளன. தெர்மோசுவிட்ச் அல்லது ஈசியூ அமைப்பில்தான் கோளாறு. சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று போங்கள்.

*நேர்ப்பாதையில் வேகம் கூடக் கூட ஏறுகிறது.* ரேடியேட்டர் வழியே காற்று போகவில்லை. முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்: முன்பக்க அடித்தட்டு இருக்கிறதா? டர்போ வேலைக்காகக் கழற்றி மூலையில் வைத்தவர்கள்தான் அதிகம். அந்தத் தட்டு இல்லாவிட்டால் முகப்பு வழியே நுழைந்த காற்று கீழே இறங்கி ஓடிவிடும். அடுத்து இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட பக்கச் சந்துகள். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். அலுமினியத் தகடும் நுரைப் பட்டையும் வைத்து, விரல் நுழையும் சந்துகளைக்கூட அடைத்துவிடுங்கள். அரை நாள் வேலை; பெரிய ரேடியேட்டர் வாங்குவதைவிட இது தரும் பலன் பல வண்டிகளில் அதிகம்.

*முதல் இரண்டு சுற்று நன்றாக இருந்து, பிறகு சுற்றுக்குச் சுற்று ஏறுகிறது.* மலேசியாவின் சிபாங் மாதிரி வெக்கையும் நீண்ட நேர்ப்பாதைகளும் உள்ள தளத்தில் இதுதான் வழக்கம். சோதனை வரிசை:

1. ரேடியேட்டர் மூடி. ரப்பர் வெடித்திருந்தால் புதிது. 0.9 பாருக்குப் பதில் 1.1 பார் மூடி போட்டால் கொதிநிலை சற்று உயரும். ஆனால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தால் அதில் இந்த மூடியைப் போடாதீர்கள். அது விரிசல் விடத் தயாராக உள்ள பிளாஸ்டிக்.
2. ஏர்லாக். முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த எஞ்சினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். குமிழி நின்றபின் நிரப்பி மூடுங்கள்.
3. கூலண்ட் கலவை. உறைபனி இல்லாத ஊரில் 30 சதவீத கிளைக்கால், மீதி டிஸ்டில்டு வாட்டர் போதும். கிளைக்கால் கூடினால் சூட்டைக் கடத்தும் திறன் குறையும்.
4. தடித்த அலுமினிய ரேடியேட்டர்.
5. கூலண்ட் ரீரூட்.

கடைசி வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் குறுக்காக உட்கார்ந்தது. அங்கே தண்ணீர் ஒரு முனையில் பம்ப் வழியே நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. மியாட்டாவில் எஞ்சினை நீளவாக்கில் திருப்பியபோது வெளியேறும் வாயையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பின்னால் இருக்கும் 4ஆம் சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. கம்பெனி பவரில் இது தெரியாது, பூஸ்டில் தெரியும். ஹெட்டின் பின்புறத்துக்குத் தெர்மோஸ்டாட்டை மாற்றி, அங்கிருந்து ரேடியேட்டருக்குக் குழாய் இழுப்பதே ரீரூட். ஓடுதளத்துக்குப் போகும் டர்போ வண்டிக்கு இது ஆடம்பரமல்ல, அடிப்படை. எஞ்சின் வெளியே இருக்கும்போதே செய்துவிடுங்கள். பிறகு ஹெட்டுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் கை நுழையாது.

*தண்ணீர் ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளுகிறது, மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போதும் மேல் ஹோஸ் கல்லாக இருக்கிறது.* ஹெட் கேஸ்கட் சந்தேகம். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவ சோதனைக் குழாய் மலிவாகக் கிடைக்கும். நீலம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறது. உறுதியானால் வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்குவது, லேத் பட்டறையில் தளம் பார்ப்பது எல்லாம் அனுபவமுள்ளவர் வேலை. சூடாக இருக்கும்போது மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

நிறுத்த வேண்டிய எல்லை: கூலண்ட் 110 டிகிரி செல்சியஸ் தொட்டால் பூஸ்டை விட்டு, மேல் கியரில் மெதுவாக ஒரு சுற்று. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

அறிகுறி 2: பூஸ்டில் திக்குகிறது, உதறுகிறது

ஐடிலில் நன்றாக இருக்கும், மெதுவாக ஓட்டினாலும் நன்றாக இருக்கும். முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 4,500க்கு மேல் வெட்டும். வைடுபேண்ட் மீட்டரில் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று காட்டும். உடனே பெட்ரோல் குறைகிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். மிஸ்ஃபயர் ஆனால் எரியாத காற்றும் சைலன்சருக்குள் வருகிறது; சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துத்தான் லீன் என்கிறது. ஆகவே முதலில் ஸ்பார்க், பிறகு பெட்ரோல்.

பிளக் இடைவெளி: பூஸ்டில் 0.7 மில்லிமீட்டர். பெட்டியிலிருந்து வந்தபடி 1 மில்லிமீட்டருக்கு மேல் விட்டால் அழுத்தம் கூடும்போது பொறி அணைந்துவிடும். வெப்ப எண் ஒரு படி குளிர்ச்சியாக இருக்கட்டும். என்ஜிகே வரிசையில் பிகேஆர்6இ இருந்த இடத்தில் பிகேஆர்7இ. திக்கல்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

பிளக் ஒயர்: இரவில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஒயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நீலப் பொறி ஓடினால் செட்டாக மாற்றுங்கள். இந்த எஞ்சினின் காயில் ஹெட்டின் பின்னால், சூட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஒயர் புதிதாக இருந்தும் சூடான பிறகு மட்டும் திக்கினால் காயிலைச் சந்தேகியுங்கள்.

பெட்ரோல் அழுத்தம்: ரெகுலேட்டரின் வாக்கூம் குழாயைக் கழற்றினால் சுமார் 2.7–3.2 பார் நிற்க வேண்டும். குழாயை மாட்டி ஓட்டும்போது, பூஸ்ட் ஏறும் அளவுக்கு அதுவும் ஏற வேண்டும்: 0.6 பார் பூஸ்ட் என்றால் அடிப்படை அழுத்தத்துக்கு மேல் 0.6. மேல் ஆர்பிஎம்மில் விழுந்தால் ஃபில்டர், பம்புக்குப் போகும் மின்னழுத்தம், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

இஞ்ஜெக்டர் போதுமா என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம். 220 குதிரைத்திறன் இலக்கு என்றால் 220 × 0.6 ÷ 4 ÷ 0.8 = மணிக்கு சுமார் 41 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 430 சிசி. லாகில் (ஈசியூவின் பதிவில்) டியூட்டி சைக்கிள், அதாவது இஞ்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு, 85 சதவீதத்தைத் தாண்டினால் இஞ்ஜெக்டர் பத்தவில்லை.

நீண்ட வளைவில் மட்டும், டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது மட்டும் வெட்டினால் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறது. தீர்வு இலவசம்: அரை டேங்குக்குக் குறைந்து தளத்தில் இறங்காதீர்கள்.

ஸ்பார்க்கும் அழுத்தமும் சரியாக இருந்து, முழு பூஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.0க்கு மேல் நின்றால் டியூனரிடம் போக வேண்டிய நேரம். பாதுகாப்பான இலக்கு 11.5 சுற்றுவட்டாரம். டைனோவில் (பவர் அளக்கும் உருளை மேடையில்) ஏற்றாமல் சாலையில் யூகத்தில் மேப்பை (ஈசியூவின் பெட்ரோல், டைமிங் அட்டவணையை) திருத்தாதீர்கள்.

அறிகுறி 3: தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போன்ற சத்தம்

நாக்: சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது. இந்தப் பட்டியலில் எஞ்சினை மிக வேகமாகக் கொல்வது இதுதான். காதில் விழுந்த அந்தக் கணமே காலை எடுங்கள். அதற்குப் பிறகுதான் காரணம் தேடுவது.

பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நாக் உறுதி. வெள்ளி நிறத்தில் மினுங்கும் பொடி உருண்டைகள் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்த சிலிண்டரின் கம்ப்ரஷன் பார்க்காமல் திரும்ப ஓட்டக் கூடாது. நான்கையும் வரிசையாக வையுங்கள். 4ஆம் சிலிண்டர் மட்டும் மோசம் என்றால் மேலே சொன்ன ரீரூட் கதைதான்.

காரணங்கள், செலவு வரிசையில்: முதலில் பெட்ரோல். மலேசியாவில் ஆர்ஓஎன் (ஆக்டேன் எண்) 95, 97 இரண்டும் பம்பில் கிடைக்கின்றன. 97க்கு டியூன் செய்த வண்டியில் 95 ஊற்றிவிட்டுத் தளத்துக்குப் போகக் கூடாது.

அடுத்து இக்னிஷன் டைமிங்: பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பொறி எழுகிறது என்பது. டர்போ இல்லாத காலத்தில் பிக்கப்புக்காக 14 டிகிரிக்குத் தள்ளி வைப்பது மியாட்டாக்காரர்களிடையே பரவலான பழக்கம். டர்போ ஏற்றியபின் அதை 10 டிகிரிக்கு மீட்க வேண்டும். டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி பின்களை இணைத்து, சூடான எஞ்சினை 850 ஆர்பிஎம்மில் வைத்து, டைமிங் லைட்டால் பார்த்து, ஹெட்டின் பின்னால் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரைத் திருப்பிச் சரிசெய்யலாம். தனி ஈசியூ என்றால் அதில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு லைட் அடியுங்கள். திரையில் 10 என்றும் புல்லியில் 14 என்றும் காட்டினால் மேப் முழுவதும் 4 டிகிரி பொய்.

மூன்றாவது, உள்ளே போகும் காற்றின் சூடு. லாகில் 60 டிகிரியைத் தாண்டினால் இன்டர்கூலருக்குக் காற்று போகவில்லை, அல்லது அது சிறியது. இத்தனைக்குப் பிறகும் நாக் இருந்தால் டியூனர்.

அறிகுறி 4: பூஸ்ட் ஏறவில்லை, அல்லது மிஞ்சி ஏறுகிறது

ஏறவில்லை என்றால், பைப் கிளாம்புகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சிலிக்கான் ஹோஸின் உள்ளே ஆயில் படிந்திருந்தால் பைப் நழுவும், துடைத்து மாட்டுங்கள். பிறகு அழுத்தச் சோதனை: டர்போவின் வாயில் மூடி போட்டு, சைக்கிள் டியூப் வால்வு வழியே 0.5 பார் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பிசிவி குழாயை (க்ராங்க் கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோவது) அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அடைக்காவிட்டால் க்ராங்க் கேஸில் காற்று ஏறி ஆயில் சீலைத் தள்ளும்.

வெளிப்பைப்புகள் தேறினால், வேஸ்ட்கேட்டை (மிஞ்சிய எக்ஸாஸ்ட்டை டர்போவைச் சுற்றி வெளியேவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவை) இயக்கும் ஆக்சுவேட்டரின் கம்பி தளர்ந்திருக்கிறதா பாருங்கள். கடைசியாக டர்போ: குளிர்ந்த நிலையில் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி அசைவு இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கை உறையில் உரசினாலோ டர்போ நிபுணரிடம் அனுப்புங்கள்.

மிஞ்சி ஏறுவதுதான் ஆபத்து. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் மெல்லிய குழாய் கழன்றிருப்பது முதல் காரணம். அது சரியாக இருந்தும் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாகத் தவழ்ந்து ஏறினால், வேஸ்ட்கேட் துளை சிறியது. துளையைப் பெரிதாக்குவது பட்டறை வேலை. ஈசியூவில் 0.7 பாரில் ஃபியூல் கட் வைத்துவிட்டுத்தான் எதையும் சோதிக்க வேண்டும்.

அறிகுறி 5: டிக் டிக்

குளிரில் அதிகம், சூடானதும் குறைகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறது: எக்ஸாஸ்ட் கசிவு. டர்போவை மேனிஃபோல்டில் பிடிக்கும் ஸ்டட்கள் இந்த வண்டியின் பழைய தலைவலி. மேனிஃபோல்ட் சிவக்கும் சூட்டில் சாதாரண எஃகு ஸ்டட் நீண்டு இறுக்கத்தை இழக்கிறது; தொங்கும் டர்போவின் எடையும் அதிர்வும் நட்டைக் கழற்றிவிடுகின்றன. ஃபிளாஞ்ச் ஓரத்தில் கறுப்புக் கரி கோடு இருக்கும். அதே ஸ்டட்டைத் திரும்ப இறுக்குவது ஒரு நாளைக்குத்தான் தாங்கும். இன்கோனெல் ஸ்டட்டும் பூட்டும் வகை நட்டும் போட்டு, டவுன்பைப்பை (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாயை) கியர்பாக்ஸில் ஒரு பிராக்கெட்டால் தாங்கிவிட்டால் பிரச்சினை தீரும். ஸ்டட் உள்ளே முறிந்திருந்தால் லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கை டிரில்லால் முயன்று மேனிஃபோல்டைக் கெடுக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து மெல்லிய டிக், பத்து நிமிடத்தில் போய்விடுகிறது: ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் மட்டம் பார்த்து, நல்ல ஆயில் மாற்றுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

கீழிருந்து கனத்த டக் டக், 2,000–2,500 ஆர்பிஎம்மில் தெளிவு, சூடானதும் கூடுகிறது: ராடு பேரிங். ஒவ்வொரு சிலிண்டரின் இஞ்ஜெக்டர் இணைப்பையும் ஒரு கணம் கழற்றுங்கள்; எதில் சத்தம் அடங்குகிறதோ அதுதான். ஆயில் ஃபில்டரை வெட்டித் தாளை விரித்தால் செம்பு நிறத் துகள் தெரியும். இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இப்போது நிறுத்தினால் க்ராங்க்கைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

அறிகுறி 6: ஆயில் அழுத்தம் குறைகிறது

சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது நம்பலாம் என்ற கணக்கு. வளைவில் மட்டும் விழுந்தால் மட்டம் பாருங்கள். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் ஒட்டும் டயரில் விழுந்தால் தடுப்புத் தகடுள்ள ஆயில் பான். சுற்றுக்குச் சுற்று மெல்லக் குறைந்தால் ஆயில் சூடு: 130 டிகிரி தாண்டுகிறதென்றால் தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் சாலை ஓட்டத்தில் ஆயிலைச் சூடேறவே விடாது.

திடீரென பூஜ்யம் என்றால் அணைத்துவிடுங்கள். அடிக்கடி ரெவ் லிமிட்டரில் அடிக்கும் வண்டியில் ஆயில் பம்பின் கியர் உடைவது உண்டு. பொடி உலோகத்தில் அழுத்திச் செய்த கியர் அது. 7,000க்கு மேல் வழக்கமாக ஓட்டுபவர்கள் பில்லட் கியர் (ஒரே எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தது) போடுவது நல்லது. எஞ்சினைத் திறக்கும் வேலை, பட்டறைக்குரியது.

அறிகுறி 7: புகை

கறுப்பு: ரிச் (பெட்ரோல் அதிகம்), மேப் பார்க்கவும். இனிப்பு வாடையுள்ள வெள்ளை: கூலண்ட், அறிகுறி 1க்குப் போங்கள்.

நீலம் பூஸ்டில் வந்து, டிப்ஸ்டிக்கும் மேலே எழும்புகிறது என்றால் முதலில் பிசிவி வால்வு. பூஸ்ட் அதன் வழியே க்ராங்க் கேஸுக்குள் திரும்புகிறது. நல்ல ஒருவழி வால்வு சேர்த்தால் போதும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் லீக்டவுன் சோதனை (சிலிண்டரில் காற்று ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது): 10 சதவீதத்துக்குள் நல்லது, 20 தாண்டினால் எஞ்சின் ரிங் வேலை கேட்கிறது.

ஐடிலில் நின்று கிளம்பும்போது நீலம் என்றால் டர்போவின் ஆயில் திரும்பும் குழாய். அது மேலிருந்து கீழாக, எங்கும் தொய்வில்லாமல், பானில் ஆயில் மட்டத்துக்கு மேல் போய்ச் சேர வேண்டும்.

அறிகுறி 8: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

4ஆம் கியரில் 3,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர். முள் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. 1.6இல் 200 மில்லிமீட்டர் தட்டு, 1.8இன் 215 மில்லிமீட்டர் தட்டும் ஃபிளைவீலும் நேராகப் பொருந்தும். கியர்பாக்ஸை இறக்குமுன் பெல்ஹவுசிங்கில் ஆயில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பின்பக்க சீல் என்று அவசரப்பட வேண்டாம்: ஹெட்டின் பின்னால் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் கல்லாகி, அங்கிருந்து ஒழுகும் ஆயில் சரியாக அதே இடத்தில்தான் சொட்டும். சில ரூபாய் ரப்பர். சென்சாரைக் கழற்றுமுன் அதன் நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஓ-ரிங் மாற்றியபின் டைமிங்கை லைட்டால் மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.

1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 வண்டியில் அந்த டைமிங் குறி நிலையாக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், க்ராங்க் புல்லியை முன்னாலிருந்து பாருங்கள். போல்ட்டைச் சுற்றி நான்கு பிளவுகள் இருந்து, ஐடிலில் புல்லி தள்ளாடினால் குட்டை மூக்கு க்ராங்க்கின் சாவிக்காடி தேய்ந்துவிட்டது. போல்ட்டை மேலும் இறுக்கிச் சமாளிக்க முடியாது. அந்த எஞ்சினில் இனி பூஸ்டுக்குச் செலவழிக்காமல், எட்டுப் பிளவுள்ள பிந்தைய எஞ்சின் ஒன்றைத் தேடத் தொடங்குங்கள்.